மச்சினன் பிடிக்கிற கயிறு

பாடிக்கிட்டேதான் தேன் எடுக்க இறங்குறான் என் தங்கச்சி புருசன் சடையன். வாயை மூடிக்கிட்டு இறங்க அவனால முடியாது. எட்டிப் பாத்தாலும் ஆள் தெரியாது, மூக்குப்பாறை வயிறு உள்வாங்கிக் கெடக்கு, அதனால முதல்ல பாட்டு மேல வரும், பின்னால பந்தத்துப் புகை வரும், அப்புறம் என் கையில இருக்கிற கயிறு விம்மும். விம்முனா ஆள் அந்தரத்துல தொங்குறான்னு அர்த்தம். உச்சியில மூக்காட்டம் நீட்டிக்கிட்டு இருக்கிற கல்லுல கயித்தை ரெண்டு சுத்து சுத்தி, வால் பக்கத்தை நான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கல்லு மொழுமொழுன்னு இருக்கும், முடிச்சுப் போட்டா வழுக்கிக்கிட்டு வந்துரும், ஆள் உக்காந்து இழுத்துப் பிடிச்சாத்தான் சுத்து நிக்கும். அவன் கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டுனா நான் விடணும், ரெண்டு சுண்டுனா பிடிச்சு நிறுத்தணும், அம்புட்டுத்தான் என் சோலி. மேல உக்காந்த மச்சானுக்கு மெழுகுல தலகாணியாம், மச்சான் தூங்கிப்போனா தங்கச்சிக்கு வெள்ளைச் சேலையாம், பாடுறான். தேனடைக்கு முன்னால மச்சினனைக் கேலி பண்ணித்தான் பாடணும், அது எங்க ஆளுங்க வழக்கம், என் அப்பனையும் இப்படித்தான் பாடியிருக்காங்க. ஆனா இவன் வழக்கத்துக்குப் பாடுற மாதிரி தெரியல. சந்தோசமாப் பாடுறான். இம்புட்டு உசரத்துல ஒருத்தன் கையை நம்பித் தொங்கிக்கிட்டு எப்படிச் சந்தோசமாப் பாட முடியுது, அதான் எனக்குப் பிடிக்கல.

கூடப்பிறந்தவன் கையில கயித்தைக் கொடுக்கக் கூடாது. மச்சினன் கையிலதான் கொடுக்கணும். கூடப்பிறந்தவனுக்குப் பங்கு இருக்கு, குடிசையில பங்கு, தேன் பாறையில பங்கு, ஒருத்தன் குறைஞ்சா இன்னொருத்தனுக்குக் கூடும். மச்சினனுக்கு ஒரு பங்கும் இல்ல. கயிறு போச்சுன்னா தாலி அறுக்கப் போறவ அவன் தங்கச்சி, அதனால செத்தாலும் விட மாட்டான். நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க. எல்லாத்தையும் யோசிச்சவங்க மச்சினனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பாளேன்னு மட்டும் யோசிக்கல. என் தங்கச்சி ராக்குவை இவனுக்குக் கட்டிக் கொடுத்த மறு வருசம் எனக்குப் பொண்ணு பாக்கப் போனோம், மொக்கையன் சித்தப்பா, நான், இவன். ரெண்டு மலை தாண்டிப் போகணும். நான் புதுச்சட்டை போட்டுக்கிட்டு அழுக்குப் படாம நடந்தேன், இவன் வழியில ஓடையில இறங்கிக் கூத்தடிச்சுச் சட்டையை நனைச்சுட்டு, தோள்ல போட்டுக்கிட்டு வெறும் உடம்போட வந்து நின்னான். செவந்தி சொம்புல தண்ணி கொண்டாந்தா. நேரா வந்தா. என்னைத் தாண்டிப் போயி அவன் கையில கொடுத்துட்டுத் தலையைக் குனிஞ்சு சிரிச்சா. மாப்பிள்ளை அவன்னு நெனச்சுட்டா. அவ அம்மா ஓடியாந்து, "ஏத்தா, அவரு இல்ல, இந்தா இவரு"ன்னு என்னைக் காட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. சடையன் சொம்பை வாயில வைக்காம அப்படியே என்கிட்ட நீட்டிட்டான், அதுல குத்தம் சொல்ல முடியாது. நான் குடிச்சேன். குடிச்சுக்கிட்டே சொம்புக்கு மேல அவ முகத்தைப் பாத்தேன், சிரிப்பு இருந்துச்சு, ஆனா அந்தச் சிரிப்பு இல்ல, வேற சிரிப்பு. இன்னிக்கு வரைக்கும் ராக்கு இந்தக் கதையை எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், செவந்தியும் சிரிப்பா, நானும் சிரிப்பேன், சிரிச்சுக்கிட்டே செவந்தி முகத்தைத்தான் பாப்பேன்.

ஒரு சுண்டு. விட்டேன், கயிறு கல்லுல உரசிக்கிட்டு ஒரு முழம் போச்சு. பக்கத்துல மொக்கையன் சித்தப்பா தேன் டின்னைக் கட்டுன கயித்தோட பீடி பத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. தப்பு ஒண்ணும் நடக்கல, எனக்கே தெரியும். ஒரு தப்பு நடந்திருந்தா நல்லாயிருந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன், ரெண்டு அடி கொடுத்திருப்பேன், ரெண்டு அடி வாங்கியிருப்பேன், ஓஞ்சு போயிருக்கும். ஒண்ணும் நடக்காததுக்கு யார்கிட்ட போயி சண்டை போடுறது. ஆனா ஒண்ணு சொல்றேன், செவந்தி எல்லாரையும் முறை சொல்லித்தான் கூப்பிடுவா. மொக்கையன் சித்தப்பாவை மாமான்னு, அடிவாரத்து டீக்கடைக்காரரை அண்ணேன்னு, காட்டிலாகா வாட்சரை அண்ணேன்னு, வாசல்ல படுத்துக்கெடக்கிற நாயைக்கூடத் தம்பின்னு கூப்பிடுவா. நாத்தனா புருசன் அவளுக்கு அண்ணன் முறை. சடையன் வாய் நிறைய தங்கச்சி தங்கச்சிங்கிறான். அவ அவனை ஒரு நாளும் அண்ணேன்னு கூப்பிட்டதில்ல. இந்தாங்கம்பா, இங்க பாருங்கம்பா, இல்லாட்டி ராக்கு மேல வச்சு, ராக்கு, உன் வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லும்பா. ஏன்டி அவனை மட்டும் முறை சொல்ல மாட்டேங்கிறேன்னு கேட்டுரலாம். கேட்டுட்டா, கேக்குற வரைக்கும் அவளுக்கே தெரியாம இருந்த ஒண்ணு அவளுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா என்ன பண்றது. அதனால கேக்கல. தேன் எடுத்துட்டு நாங்க திரும்புறப்ப அவ வாசல்ல வந்து நிப்பா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வருவோம், அவ முதல்ல யாரைப் பாக்குறான்னு பாக்குறதுக்காகவே நான் வெரசா முன்னால நடப்பேன், சில நாள் வேணும்னே பின்னால வருவேன். ஒரு தடவை என்னைப் பாத்தா. ஒரு தடவை டின்னைப் பாத்தா. மத்த தடவையெல்லாம் அவ பாத்து முடிச்ச பிறகுதான் நான் பாத்திருக்கேன். போன வருசம் அவன் அடையில நல்ல துண்டா அறுத்து இலையில மடிச்சு இது தங்கச்சிக்குன்னு கொடுத்துவிட்டான், இனிப்பே ஆகாதவ, கருப்பட்டிக் காப்பி வேணாங்கிறவ, அதை மெழுகோட மென்னு விழுங்கிட்டு விரலையும் நக்குனா. நான் கொண்டு போற தேன் டப்பாவுல எறும்பு மொய்க்குது.

பாட்டு நின்னுபோச்சு. கயிறும் ஆடல. அவன் அடைகிட்ட போயிட்டான், இப்ப வாயை மூடித்தான் ஆகணும், பந்தத்தை அடைக்குக் கீழ பிடிச்சுப் புகையை ஏத்தணும். வெயில் முதுகுல இதமா இருக்கு. இந்த நேரத்துலதான் அந்தப் பருந்து வந்துச்சு. பாறைக்கு அங்கிட்டு ஓரத்துல இன்னொரு அடை இருக்கு, அது இந்த வருசம் வேணாம்னு விட்டு வச்சது, புகை போடாத அடை. பருந்து சாய்ஞ்சு வந்து அதுல ஒரு அறை அறைஞ்சு துண்டைப் பிச்சுக்கிட்டு எங்க தலைக்கு மேலேயே பறந்து போகுது. சித்தப்பா பீடியைக் கீழே போட்டுச்சு. முதல்ல சத்தம்தான், மழை தூரத்துல வர்ற மாதிரி. அப்புறம் ஒண்ணு நெத்தியில. ஒண்ணு காதுக்குப் பின்னால. அசையக் கூடாது, அடிக்கக் கூடாது, ஒண்ணை நசுக்குனா அந்த வாசத்துக்கே ஊரே கூடி வரும், இது பிறந்ததுலேருந்து தெரிஞ்சதுதான், ஆனா தெரிஞ்சது தலைக்குள்ள இருக்கு, கொட்டு தோல்ல இருக்கு. துண்டை இடது கையால தலைக்கு இழுத்தேன். வலது கையில கயிறு. மொக்கையன் சித்தப்பா டின் கயித்தை விட்டுட்டுக் கம்பளியை மூடிக்கிட்டுப் புதருக்குள்ள போயிருச்சு, அது போகலாம், டின் விழுந்தா டின்னுதான். உதட்டுல ஒண்ணு. கண் இமையில ஒண்ணு, இமை உடனே கனத்துப்போச்சு. கீழே அவன் புகைக்குள்ள பத்திரமா இருக்கான், அது வேற. சட்டை போடாத உடம்பு, ஒரு கொட்டு இருக்காது. மேல நான் அவனுக்கும் சேத்து வாங்கிக்கிட்டு இருக்கேன். இதுலயும் அவனுக்குத்தான் யோகம்.

"தவசி, விட்டுட்டு வாடா." சித்தப்பா குரல், கம்பளிக்குள்ளயிருந்து. "விட்டுட்டு வாடாங்கிறேன். ரெண்டு பேரா போக வேணாம்டா. ஒருத்தனாவது வீடு போய்ச் சேரணும்." அது சொல்லும். அதுக்குச் சொல்ல வாய் இருக்கு. நான் பிறக்கிறதுக்கு முந்தி சித்தப்பா இதே மாதிரி அதோட அக்கா புருசனுக்குக் கயிறு பிடிச்சுச்சு, இதே மாதிரி தேனீ வந்துச்சு, விட்டுருச்சு. ஆளைக் கீழே ஓடையிலதான் எடுத்தாங்க. ஊர்க்கூட்டம் கூடி விசாரிச்சுட்டு, தேனீதான் விட்டுச்சு, மொக்கையன் விடலன்னு சொல்லி எந்திரிச்சுட்டாங்க. அந்த அக்காவே சொல்லுச்சாம், என் புருசனும் போயி என் தம்பியும் போயிருந்தா நான் எந்த வாசல்ல போயி நிப்பேன்னு. சாகுற வரைக்கும் அந்தக் கிழவி சித்தப்பாவுக்குத் தினைக்கஞ்சி கொண்டாந்து கொடுத்துச்சு, நான் பாத்திருக்கேன். சித்தப்பா வாங்கிக் குடிச்சுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கும், குறட்டை எங்க குடிசை வரைக்கும் கேக்கும். ஏன் தூங்க முடிஞ்சுச்சு. அந்த அத்தான் மேல சித்தப்பாவுக்கு உசுரு. ஒரே தட்டுல தின்னவங்களாம். மனசுல ஒண்ணும் இல்லாததால கை விட்டது கை விட்டதோட போச்சு, உசுருக்குப் பயந்த கை, அம்புட்டுத்தான், அதை எந்தச் சாமியும் கேக்காது. சித்தப்பாவைப் பாத்தும் எனக்கு இப்பப் பொறாமையா இருக்கு. கழுத்துல ஒண்ணு. கழுத்துலயே இன்னொண்ணு.

நான் விட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க. தேனீதான் விட்டுச்சு, தவசி விடல. ராக்கு மண்ணுல புரண்டு அழும், அழுதுட்டு என் மூஞ்சி வீங்கிக் கெடக்கிறதைப் பாத்து, எண்ணே நீயாச்சும் பொழச்சியேன்னு என்னைத்தான் கட்டிப் பிடிக்கும். ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. அதான் பயமா இருக்கு. இந்த மாதிரி ஒரு வசதி ஒருத்தனுக்கு வாழ்க்கையில ஒரு தடவைதான் வரும், உசுருக்குப் பயந்து விட்டேன்னு சொல்லலாம், அது பொய்யும் இல்ல, நெசமாவே பயமா இருக்கு, மூச்சு இழுக்குது, நெஞ்சு அடைக்குது. செவந்தி என்ன பண்ணுவா. வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பா. நான் ஒருத்தன் மட்டும் வருவேன். அன்னிக்கு அவ முதல்ல யாரைப் பாக்குறாங்கிற கேள்வியே இருக்காது. இல்ல, இருக்கும். எனக்குப் பின்னால வழியைப் பாப்பா, அவன் வர்றானான்னு. வராதவனைப் பாத்துக்கிட்டே இருப்பா. உசுரோட இருக்கிறவனுக்கு வயசாகும், தொப்பை விழும், குடிச்சுட்டு உளறுவான், ராக்குகிட்டத் திட்டு வாங்குவான், செத்தவன் தோள்ல ஈரச்சட்டையைப் போட்டுக்கிட்டு அப்படியே நிப்பான், சொம்பும் அவன் கையிலேயே இருக்கும். செத்தவன் கூட யாருடா போட்டி போடுறது. அப்ப நான் விடாம இருக்கிறது இதுக்குத்தானா, அட இதுவும் பொறாமைதான், விட்டாலும் பொறாமை, பிடிச்சாலும் பொறாமை. கயிறு நழுவிருச்சு. ஒரு சாண். கல்லுல சர்ருன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான், உடனே பிடிச்சுட்டேன். கீழேயிருந்து "மச்சான்"ன்னு ஒரு குரல். ஒரு தடவைதான். திட்டல, கத்தல.

அது கொட்டா, நானா. மணிக்கட்டுல ஒண்ணு கொட்டுச்சு, நெசந்தான், இப்பவும் எரியுது. கொட்டுனதுனால விரல் திறந்துச்சா, விரல் திறந்த பிறகு கொட்டுச்சா. எது முந்தி. நான்தான் இந்தக் கையோட சொந்தக்காரன், எனக்கே தெரியல. இனிமேலும் தெரியப் போறதில்ல. அடுத்த தடவை ஒரு சாணா இருக்காது, அப்பவும் எனக்குத் தெரியாது, நான் வீட்டுக்குப் போயி கஞ்சி குடிக்கிறப்பக் கையைப் பாப்பேன், செவந்தி கையைப் பிடிச்சா கையைப் பாப்பேன், சாகுற வரைக்கும் இந்தக் கையைப் பாத்துக்கிட்டே கெடக்கணும். மனசு சுத்தமா இருந்தா விட்டுட்டு ஓடியிருக்கலாம். சித்தப்பா மாதிரி புதருக்குள்ள போயி அழுதிருக்கலாம், அய்யோ ஆத்தா, நான் என்ன பண்ணுவேன்னு. அது நல்லவனுக்கு உள்ள வழி. உசுரைக் காப்பாத்திக்கிறதுக்கு மனுசனுக்கு உரிமை இருக்கு, நான் இல்லேங்கல, எல்லாருக்கும் இருக்கு, எனக்குத்தான் இல்ல, நான் அவன் போயிரணும்னு முந்தியே நெனச்சு வச்சிருக்கேன், ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒவ்வொரு வருசமும் இந்தக் கல்லுல உக்காந்து நெனச்சிருக்கேன், அறுந்தா என்னன்னு, சும்மா, நாக்குல புளியை வச்சுப் பாக்குற மாதிரி வச்சுப் பாத்திருக்கேன். அதனால வால் கயித்தை இழுத்தேன். இடது கையால இடுப்பைச் சுத்திக் கொண்டாந்தேன், துண்டு விழுந்துருச்சு, தலை முழுக்கத் தேனீ, பரவாயில்ல, பல்லுல கடிச்சு முடிச்சுப் போட்டேன், ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு. கல்லுல நிக்காத முடிச்சு என் இடுப்புல நிக்கும். கட்டக் கூடாது, கயிறு பிடிக்கிறவன் தன் உடம்புல கட்டவே கூடாது, ஒரே கயித்துல ரெண்டு பேர் போகக் கூடாதுன்னுதான் அந்தச் சட்டமே. எனக்குத் தெரியும். இந்தக் கையை நம்ப முடியல, இடுப்பை நம்பலாம். இனி நான் மயங்கி விழுந்தாலும் கல்லுக்கு இங்கிட்டுக் கெடப்பேன், அவன் அங்கிட்டுத் தொங்குவான். வழுக்குனா ரெண்டு பேரும் போறோம், வாசல்ல நிக்கிறவ யாரையும் முதல்ல பாக்க வேண்டியதில்ல. இதை நெனச்சப்ப மனசு கொஞ்சம் லேசாச்சு. கெட்ட புத்திதான், லேசாத்தான் ஆச்சு.

வலது கண்ணு மூடிப்போச்சு. இடது கண்ணுல ஒரு கீத்து வெளிச்சம். எம்புட்டு நேரம்னு சொல்லத் தெரியல, வெயில் முதுகுலயிருந்து தோளுக்கு வந்துருச்சு, சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது, தேனீயெல்லாம் பிஞ்ச அடைக்கே திரும்பிப் போகுது போல. ரெண்டு சுண்டு. அப்புறம் கயிறு கனத்துச்சு, இடுப்பை இறுக்குச்சு, ஏறுறான். ஒவ்வொரு பிடிக்கும் முடிச்சு வயித்துக்குள்ள இறங்குது, காலை முட்டுக் கொடுத்து மல்லாந்துட்டேன். புகை நாத்தம் வந்துச்சு, தேன் வாசம் வந்துச்சு, பாறை விளிம்புல கை படுற சத்தம், அப்புறம் அவன் மூச்சு. "மச்சான், ஏன் மச்சான் இப்படிக் கெடக்க"ன்னு ஓடியாந்தான். வந்தவன் நின்னுட்டான். முடிச்சைப் பாத்துட்டான். சித்தப்பாவும் புதரை விட்டு வந்துருச்சு, "கட்டிக்கிட்டானா, கிறுக்குப் பய, கட்டிக்கிட்டானா"ன்னு புலம்புது. வழக்கமா இந்நேரம் ஒரு கேலி வரும், எனக்குக் காது அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு, என்ன மச்சான் என் மேல இம்புட்டு ஆசையான்னு கேப்பான்னு நெனச்சேன். கேக்கல. கோபமா இருந்தான். "கட்டக் கூடாதுல்ல மச்சான். நான் போயிட்டா ராக்குவையும் பிள்ளைகளையும் நீ பாப்பேன்னு நெனச்சுத்தான் பாட்டுப் பாடிக்கிட்டு இறங்குறேன். நீயும் வந்துட்டா நான் எந்த நம்பிக்கையில இறங்குறது"ன்னான். நான் விடுவேன்னு நெனச்சே இறங்கியிருக்கான். விட்டுட்டுப் பொழைச்சுக்கன்னு எனக்கு முந்தியே மனசுக்குள்ள சொல்லி வச்சுட்டுத்தான் வருசா வருசம் இறங்கியிருக்கான், அந்தச் சந்தோசம் அதுதானா. நான் இங்க உக்காந்து அவனை ஒவ்வொரு வருசமும் தள்ளிவிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். "கை மரத்துப்போச்சு மாப்ள. நம்ப முடியல"ன்னேன். உதடு வீங்கி அது வேற என்னமோ மாதிரி வெளியில வந்துச்சு. அவனுக்குப் புரிஞ்சுச்சோ என்னமோ, சரி சரின்னான்.

முடிச்சு அவிழல, கத்தியால அறுத்தான். நல்ல கயிறு, வீணாப்போச்சு. கட்டைவிரல் நகத்தால என் நெத்தியிலயிருந்து கொடுக்கைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தான், வலிக்காம எடுக்கிறான், அது ஒரு எரிச்சல். அப்புறம் தோள்பையிலயிருந்து அடையை எடுத்து இலை மேல அறுத்து வைக்கிற சத்தம். "இது தங்கச்சிக்கு"ன்னு மடிச்சு என் கையில வச்சான். நான் இலையைப் பிரிச்சேன். துண்டை எடுத்து வாயில போட்டேன், பாதி வாய் திறக்கல, தாடையெல்லாம் வழியுது, மென்னேன். "மச்சான், அது தங்கச்சிக்கு வச்சது." "தெரியும்"னேன். மெழுகோட விழுங்குனேன். நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும், தொண்டையில கசப்பெல்லாம் கரைஞ்சு ஓடுச்சு. அவன் கத்தியை மறுபடி எடுத்தான். இன்னொரு துண்டு அறுத்தான், இலையில மடிச்சு மறுபடி என் கையிலேயே வச்சான். கனமா இருந்துச்சு, முதல் துண்டை விடப் பெருசு.

இடது கண்ணும் மூடிருச்சு. அவன் தோள் மேல ஒரு கையைப் போட்டுக்கிட்டு, இன்னொரு கையில இலையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன், வேர் இருக்கு மச்சான், இங்க பள்ளம் மச்சான்னு சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போறான். பின்னால சித்தப்பா இன்னும் திட்டிக்கிட்டே வருது. மூங்கில் சத்தம் கேட்டப்ப ஊர் கிட்ட வந்துட்டோம்னு தெரிஞ்சுச்சு, அப்பத்தான் உறைச்சுச்சு, இன்னிக்குச் செவந்தி யாரை முதல்ல பாக்குறான்னு எனக்குத் தெரியப் போறதில்ல. இம்புட்டு வருசத்துல இன்னிக்குத்தான் பாத்திருக்கணும், ரெண்டு உசுரும் போயிட்டு வந்த நாள், இன்னிக்கு அவ கண்ணு பொய் சொல்லாது, இன்னிக்குப் பாத்து என் கண்ணு மூடிக் கெடக்கு. காதைத் தீட்டிக்கிட்டேன். நாய் குலைச்சுச்சு. அப்புறம் ராக்கு, "அய்யோ எண்ணே, மூஞ்சியப் பாரு"ன்னு. அப்புறம் ஏதோ பாத்திரம் மண்ணுல விழுந்து உருண்டுச்சு, காலடி ஓடிவருது, எங்களுக்கு முன்னால வந்து நின்னுருச்சு. நின்னவ செவந்திதான், யாரைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. சடையன், "ஒண்ணுமில்ல தங்கச்சி, என்னை விடமாட்டேன்னு கட்டிக்கிட்டாரு உன் வீட்டுக்காரரு"ன்னான், கட்டக் கூடாதுன்னு மேல வச்சுத் திட்டுனவன் கீழே வந்து பெருமையாச் சொல்றான். ஒரு கை வந்து என் கன்னத்தைத் தொட்டுச்சு, மிளகாய் அரைச்ச கை, எரிஞ்சுச்சு, நான் முகத்தை நகத்தல. அப்புறம் அவ குரல், எனக்கு இல்ல, பக்கத்துல நிக்கிறவனுக்கு.

"நீங்க விடுங்கண்ணே. நான் பிடிச்சுக்கிறேன்."

அவன் தோள் என் கைக்குக் கீழேயிருந்து விலகிப்போச்சு. அவ கை அந்த இடத்துக்கு வந்துச்சு. அண்ணேன்னு கூப்பிட்டா. தெளிவாக் கேட்டுச்சு. எம்புட்டு வருசமா இந்த ஒரு சொல்லுக்குக் காத்துக் கெடந்தேன், அது வந்துருச்சு, மனசு குளுந்திருக்கணும். இம்புட்டு நாள் கூப்பிடாதவ இன்னிக்கு எதுக்குக் கூப்பிட்டா, இன்னிக்கு எதைக் கழட்டி வச்சா, அப்ப நேத்து வரைக்கும் அது என்னவா இருந்துச்சு. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வாய்தான் வீங்கிக் கெடக்கே. இலையை அவகிட்ட நீட்டுனேன், வாங்கிக்கிட்டா, என்னன்னு கேக்கல. அவ கை என் விரலுக்குள்ள இருந்துச்சு. அதை நான் விடல.